ஒன்பது பின்களும் உரை அளவையும்

பிறர் சொன்னதை நம்பிப் பெறுகிற அறிவு அறிவுதானா? சமயம் பேசுகிற எவரும் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. சமயத்தின் பெரும்பகுதி யாரோ சொல்லி நாம் கேட்டது. அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதியபோது தம் கொள்கையை நிறுவும் சுபக்கப் பகுதியின் வாசலிலேயே அளவை இயலை வைத்தார். கடவுளைப் பற்றிப் பேசுமுன், எதைக்கொண்டு எதை அளக்கிறோம் என்று கணக்குத் தீர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. அளவைகள் பத்து என்பாரும் உண்டு. அவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கலாம் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிவு. முதல் இரண்டில் சண்டை குறைவு, மூன்றாவதில்தான் எல்லாச் சண்டையும். உலகாயதன் காண்டலோடு நின்றுவிடுகிறான். பௌத்தர் காண்டலும் கருதலும் போதும் என்பர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிப்பதும் அதுவே. இந்த வழக்கைக் கயிறு, பாம்பு, பானை, குயவன் என்ற பழைய சாட்சிகளை வைத்தே இன்னும் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புதிய சாட்சி ஒன்றைக் கூண்டில் ஏற்றிப் பார்க்கலாம்: இரவு வானத்தைப் படமெடுக்கும் கமராவைச் சுமந்து திருப்புகிற மோட்டர் தாங்கியைக் கணினியோடு இணைக்க, வீட்டிலேயே செய்துகொள்கிற ஒரு சீரியல் கேபிள்.

அது எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமி 23 மணி 56 நிமிடம் 4 செக்கனில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது. அதனால் விண்மீன்கள் ஒவ்வொரு செக்கனும் 15 விகலை நகர்வதாகத் தெரிகின்றன. கமராவைச் சும்மா முக்காலியில் வைத்து ஒரு நிமிடம் திறந்துவைத்தால் புள்ளி விழ வேண்டிய இடத்தில் கோடு விழும். பூமி திரும்பும் வேகத்திலேயே எதிர்ப்பக்கமாகக் கமராவைத் திருப்பிக்கொண்டிருப்பது தாங்கியின் வேலை. எந்த மீனுக்குப் போ, எங்கே நில், இப்போது எங்கே இருக்கிறாய் என்று கணினி அதனிடம் சொல்லவும் கேட்கவும் மூன்று கம்பிகள் போதும்: ஒன்று அனுப்ப, ஒன்று பெற, ஒன்று இரு பக்கத்துக்கும் பொதுவான பூச்சியம். 1960இல் அமெரிக்காவில் வகுத்த ஆர்எஸ்-232 தரம் இன்றும் இந்தப் பேச்சுக்கு அடிப்படை. வழக்கமான வேகம் செக்கனுக்கு 9600 துடிப்பு. ஓர் எழுத்துக்குப் பத்துத் துடிப்பு. இலங்கையின் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ தோட்டத்தில் இருக்கும் ஒருவர் இதில் இறங்கினால், ஆயத்தக் கேபிளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதைவிட, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பிளக்கும் வயரும் வாங்கிவந்து ஈயம் வைப்பதே நடக்கிற காரியம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டி ஏறி, இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்ட பிறகு இது பொழுதுபோக்குக்காரரின் பிடிவாதமாக இருக்கவில்லை.

செய்ய என்ன தெரிய வேண்டும்? எந்தக் கம்பி எந்தப் பின்னுக்கு என்பது. அதைக் கண்டு அறிய முடியாது. ஒன்பது பின் பிளக்கை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், கணினிப் பக்கத்தில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 பொதுப்புள்ளி என்ற செய்தி அதில் தெரியாது. கருதியும் அறிய முடியாது. அந்த ஒழுங்கு இயற்கை விதி அல்லவே, சிலர் கூடி எடுத்த முடிவு. தெரிந்தவர் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும். காண்டலுக்கும் கருதலுக்கும் எட்டாததை உரை தரும் என்று சித்தாந்திகள் சொல்வதை மேலுலகச் செய்திகளுக்கு ஒதுக்கிவிட்டோம். மேசைமேல் கிடக்கும் பிளக்குக்கும் அது அப்படியே பொருந்துகிறது. உலகாயதன் இங்கே பிளக்கைக் கையில் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தவறாக நம்பினால் வரும் விளைவும் சிறியதில்லை. பல தாங்கிகளில் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் 12 வோல்ட் மின்சாரமும் அதே பிளக்கில்தான் இருக்கிறது. அந்தப் பிளக்கின் பேச்சுக் கம்பிகளோ 5 வோல்ட்டுக்குப் பழகியவை. ஒரு பின் தள்ளி ஈயம் வைத்தால் மோட்டர்ப் பலகை கருகும். கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்கு நட்டம் கொஞ்ச நேரத்துப் பயம் மட்டுமே. கேபிளைச் சிறந்த சாட்சி என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். வாங்கியவரும் இதே உரையைத்தான் நம்புகிறார். பிளாஸ்டிக் உறைக்குள் மூடியிருப்பதால், நம்புகிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

இனி பிழை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உரையை எதிர்ப்பவர்களின் முதல் குற்றச்சாட்டு சொல்பவன் பொய் சொல்லலாம் என்பது. ஈயம் வைக்கும் மேசையில் நடப்பது பெரும்பாலும் வேறு. வரைபடம் சரியாகவே இருக்கும். ஆனால் அது பிளக்கை முன்பக்கமிருந்து பார்த்து வரைந்தது. ஈயம் வைப்பவரோ பின்பக்கமிருந்து பார்க்கிறார். அவருக்கு ஐந்தும் ஒன்றும் இடம் மாறி நிற்கின்றன, நான்கும் இரண்டும் மாறி நிற்கின்றன. நடுவில் உள்ள 3 மட்டும் எந்தப் பக்கமிருந்தும் 3தான். ஒரு கம்பி சரியாக அமைந்துவிடுவதால் மற்றவையும் சரி என்ற எண்ணம் வேறு வந்துவிடும். தொலைபேசிப் பிளக் போன்ற சிறிய பிளக் என்றால், கிளிப் மேலே இருக்கப் பிடித்து எண்ணுவதா கீழே இருக்கப் பிடித்து எண்ணுவதா என்பதில் இதே சிக்கல். ‘அனுப்பும் கம்பி’ என்று எழுதியிருந்தால் யார் அனுப்பும் கம்பி? கணினியா, தாங்கியா? சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவர் முட்டாளும் இல்லை; இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றார்கள். சித்தியார் குற்றமற்ற காண்டலுக்கு ஐயமும் திரிபும் இருக்கக் கூடாது என்கிறது. அந்தத் திரிபு உரைக்குள் நுழையும் வாசல் கேட்பவனின் நிற்குமிடம். நல்ல பிளக்குகளில் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்திலேயே எண்ணைப் பொறித்திருப்பார்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக. சந்தேகப்பட்டவர் வரைபடத்தைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. குனிந்து அந்த எண்ணை வாசிக்க வேண்டும். நூல்களின் பேரால் நடக்கும் சண்டைகளில் எத்தனை, நூல் எந்தப் பக்கமிருந்து பேசுகிறது என்று குனிந்து பார்க்காததால் வந்தவை என்பதைச் சமய வரலாறு தெரிந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பொய்யும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இன்றைய கணினிகளில் பழைய ஒன்பது பின் வாய் இல்லை. யூஎஸ்பியிலிருந்து மாற்றித் தரும் ஒரு சில்லு நடுவில் வேண்டும். ஸ்கொட்லாந்து நிறுவனமான எஃப்டிடிஐயின் சில்லுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை முதுகில் அச்சிட்ட போலிகளும் சந்தையில் நிறைந்திருந்தன. 2014 அக்டோபரில் விண்டோஸ் வழியாக வந்த அந்நிறுவனத்தின் மென்பொருள் போலிகளை இனங்கண்டு, அவற்றின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிச் செயலிழக்கச் செய்தது. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள். முதுகில் இருந்த பெயரும் ஓர் உரைதான். நியாய நூலாரும் சித்தாந்திகளும் எந்த வாக்கையும் அளவை என்று ஒத்துக்கொள்ளவில்லை, ஆத்தன் வாக்கையே ஒத்துக்கொண்டார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பொருளை உள்ளபடி அறிந்தவனாகவும் அதை உள்ளபடி சொல்பவனாகவும் இருப்பவனே ஆத்தன். பெயரை அச்சிட்டுவிட்டால் ஆத்தனாகிவிட முடியாது. காவியையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

அப்படியானால் வாக்கை எப்படிச் சோதிப்பது? கேபிள் செய்பவர்களிடம் இதற்கு ஒரு படிவரிசை இருக்கிறது; இந்த விசாரணையில் எனக்கு மிகவும் உதவுவது அதுதான். முதலில் மல்டிமீட்டரை வைத்து, இந்த முனையும் அந்த முனையும் ஒரே கம்பியா என்று ஒலி கேட்பது. அடுத்து, மறுமுனையில் அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டுக் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டுவது. அதே எழுத்து திரையில் திரும்பி வரும். புதியவர்கள் இங்கேயே கேபிள் வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடுவார்கள். உண்மையில் இது காட்டுவது மிகக் குறைவு. வேகத்தைத் தாங்கிக்குப் பொருந்தாதபடி வைத்திருந்தாலும் எழுத்து அப்படியே திரும்பி வரும். அனுப்பியதும் பெற்றதும் ஒரே கணினி, தன் பிழை தனக்குப் பிழையாகப் படுவதில்லை. ஒரு மரபு தன் நூலைத் தன் நூலாலேயே மெய்ப்பிக்கும்போது நடப்பது இதுதான். மூன்றாவது படியில் மறுமுனையில் வேறொருவர் வேண்டும். செலஸ்ட்ரோன் நெக்ஸ்ஸ்டார் தாங்கிகளில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தையும் கூடவே இன்னோர் எழுத்தையும் அனுப்பினால், அந்த இரண்டாவது எழுத்தையும் முடிவுக் குறியையும் தாங்கி திருப்பி அனுப்பும். இப்போதுதான் தன்னிடமிருந்து வராத ஒரு பதில் கிடைக்கிறது. அதோடும் முடியவில்லை. தாங்கியும் கணினியும் ஒத்துப்போய், இரண்டும் சேர்ந்து தவறான திசையைச் சரியென்று சொல்லிக்கொண்டிருக்க முடியும். கடைசிப் படியில் கமராவுக்குள் மீன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாக்கை அது தோற்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோவதே சோதனை. தோற்க முடியாத இடத்தில் எத்தனை தடவை வென்றாலும் கணக்கில் வராது.

கேகாலையில் அந்தக் கடைசிப் படி கடினமானது, காரணம் புவியியல். தாங்கியின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிற்க வேண்டும். கேகாலை வட அகலக்கோடு ஏறத்தாழ 7¼ பாகை. ஆகவே துருவமும் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான். அங்கே மலை இருக்கும், மரம் இருக்கும், தென்மேற்குப் பருவத்தில் மாதக்கணக்கில் முகில் இருக்கும். தாங்கிகளை வடிவமைத்தவர்கள் இன்னும் வடக்கே வாழ்பவர்களை மனதில் வைத்தார்கள்; அச்சை இவ்வளவு படுக்கவைத்தால் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிக்கும். துருவமீனைக் கண்டாலும் அது துருவத்திலிருந்து ஏறத்தாழ 0.6 பாகை தள்ளியே நிற்கிறது, 4800 ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்துக்கு அருகே இருந்ததும் வேறொரு மீன். அசையாத துருவன் என்று புராணம் சொன்னதை இங்கே யாரும் கண்டு உறுதிசெய்ய முடியாது. செய்வது கருதல். உச்சிக்குச் சற்றுத் தெற்கே, வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு மீனைப் பிடித்துப் பல நிமிடம் கவனிக்கிறார்கள். அது தெற்கே வழுகினால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே திரும்பியிருக்கிறது; வடக்கே வழுகினால் மேற்கே. காணாத துருவத்தைக் காண்கிற மீனின் வழுக்கலிலிருந்து பிடிக்கிறார்கள். மலைமேல் புகையைக் கண்டு நெருப்பைக் கருதும் பழைய உதாரணம் இந்த மாவட்டத்தில் அவ்வளவு சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கிப் புகைபோடும் கூடத்திலிருந்து எழுவதும், விடியற்காலை மலைமடிப்பில் கிடக்கும் பனிமூட்டமும் தூரத்திலிருந்து ஒன்றுபோல் தெரியும். கருதலுக்கும் ஆத்தனைப் போலவே ஒரு தராதரம் வேண்டியிருக்கிறது.

கேகாலையில் தோட்டத்துக் கோயில்களுக்குப் பக்கத்திலேயே விகாரைகள் இருக்கின்றன. ஆகவே பௌத்தத்தின் எதிர்வாதத்தைத் தூரத்து மதத்தின் வாதமாகத் தள்ள முடியாது. உரை தனி அளவை ஆகாது, சொன்னவர் முன்பும் சரியாகச் சொன்னார், அதனால் இப்போதும் சரியாகச் சொல்வார் என்ற கருதலே அது என்பது பௌத்த அளவை நூலாரின் வாதம். வலிமையான வாதம். ஆனால் முதல் கேபிளைச் செய்கிறவருக்கு முன்பு என்று ஒன்று கிடையாது. வரைபடத்தை எழுதியவர் யார் என்பதும் பலவேளை தெரியாது. அவர் நம்பிச் செய்த பிறகுதான் சொன்னவரின் தகுதி தெரிய வருகிறது. கருதல் உரையின் பின்னால் வருகிறது, முன்னால் அல்ல. காலாம சூத்திரத்தைக் காட்டி, புத்தர் எதையும் கேள்விப்பட்டதற்காக நம்பாதே என்றாரே எனலாம். அந்தச் சூத்திரம் மரபையும் நூலையும் மட்டுமா மறுக்கிறது? வெறும் தர்க்கத்தையும் வெறும் கருதலையும் அதே பட்டியலில் வைக்கிறது. ஏற்பதற்கு உரியவற்றின் அடையாளங்களில் அறிவுடையோர் புகழ்ந்தது என்பதையும் சேர்க்கிறது. அது உரைக்கு எதிரான ஆவணம் இல்லை, சோதிக்காத எதற்கும் எதிரான ஆவணம். தோட்டப்புறத்துக்கு இதில் தனியான அக்கறையும் உண்டு. தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் குறைவாக உள்ள இடத்தில், கைநூல் ஆங்கிலத்திலும் கடைக்காரரின் விளக்கம் சிங்களத்திலும் கிடைக்கும்போது, உரையைத் தாழ்ந்த அளவை என்று ஒதுக்குவது வசதி உள்ளவருக்கே கட்டுப்படியாகும்.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. கேபிளைச் சோதிக்கலாம், பதியை, அதாவது இறைவனை, சோதிக்க முடியுமா? பின் எண்ணைப் பற்றிய வாக்கும் வீடுபேற்றைப் பற்றிய வாக்கும் ஒரே வகையா? அல்ல என்பதை முழுவதுமாக ஒத்துக்கொள்கிறேன். சித்தியாரே உரையைத் தந்திரம், மந்திரம், உபதேசம் என்று பிரிக்கிறது. எப்படி ஒழுகுவது, எப்படி வழிபடுவது என்ற பகுதிக்குச் சோதனை உண்டு. அதன்படி நடந்தவர் என்ன ஆனார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் காண்கிறார்கள். ஆதி அந்தம் இல்லாத பொருளின் இயல்பைச் சொல்லும் பகுதிக்கு மீட்டர் இல்லை. அதை உரை என்றே வைத்துக்கொள்வது நேர்மை. இன்றைய மேடைப்பேச்சுகளில் நடப்பது நேர்மாறு: கோயில் மணியின் ஓசை மூளையை என்ன செய்கிறது, கருவறையில் என்ன காந்த அலை இருக்கிறது என்று அளக்காத அளவுகளைச் சொல்லி, உரைக்குக் காண்டலின் வேட்டியைக் கட்டிவிடுகிறார்கள். இது பக்திக்கு வலு சேர்க்காது. முதுகில் பெயர் அச்சிட்ட சில்லு வேலையே. சோதிக்க முடிந்த இடத்தில் சோதனைக்கு நிற்காதவர், சோதிக்க முடியாத இடத்தில் தன்னை நம்பும்படி கேட்கும் உரிமையை இழக்கிறார் என்பதே என் முடிவு.

சோதிக்க முடிந்த இடம் நம் சமயத்தில் தாராளமாக இருக்கிறது, எல்லாவற்றிலும் வெளிப்படையானது பஞ்சாங்கம். வானியலாளர் ஜோன் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக்கொண்டே அவர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்த வாக்கியங்களில் எழுத்துகளே எண்கள். சந்திரனுக்கு 248 வாக்கியம், நாளுக்கு ஒன்று. சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது சேர்ந்தால் 248 நாள். 1825 மே 31 இரவுக் கிரகணத்துக்கு அவருடைய கணக்கு தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. 1952இல் இதை ஆராய்ந்த வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபாவர் பிசகைப் பெரிதாக எடுக்கவில்லை. பாபிலோனிய வானியலோடு தொடர்புடைய ஒரு முறை அதுவரை உயிரோடு வந்திருந்ததே என்று வியந்தார். வாரனின் குறிப்பு வேறொன்றையும் சொல்கிறது: அந்தக் கணிதருக்கு முறையின் காரணம் எதுவும் தெரியாது. அவர் அறிந்தாரா? மரபு அறிந்திருந்தது, அவர் கடத்தினார் என்பேன். வயரும் தான் கடத்துவதை அறியாது. அதற்காக அதை இழிவாகச் சொல்ல முடியாது, அது இல்லாமல் எதுவும் வந்து சேராது. ஆனால் 52 நிமிடப் பிசகைத் திருத்த வயரால் முடியாது. பிளக்கைப் பிரித்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்தவரால்தான் முடியும்.

இலங்கைத் தமிழரிடையே இன்றும் இரண்டு பஞ்சாங்கங்கள் வழக்கில் உள்ளன. கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் வாக்கிய முறை. திருக்கணிதம் வானத்தில் காண்பதோடு ஒத்துவரும்படி திருத்திய முறை. திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடுவதால் சில ஆண்டுகளில் ஒரே விரதம் இரண்டு நாளில் வருகிறது, கோயில் நிர்வாக சபைகளில் அதையொட்டிச் சண்டையும் வருகிறது. வாக்கியம் முனிவர் வாக்கு, அதைச் சோதிப்பது பாவம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கண்ணோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவதற்குத் திருக்கணிதம் என்ற பெயரில் நம் மரபே இடம் கொடுத்திருக்கிறது. திருக்கணிதக்காரரும் தம் புத்தகத்தை நம்பச் சொல்கிறாரே தவிர மேலே பார்க்கச் சொல்வதில்லை என்பது இன்னொரு பக்கம். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம் வருகிறது, இலங்கையில் முழுவதும் தெரியும். நடுநேரம் ஏறத்தாழ 10 மணி 22 நிமிடம், சந்திரன் முழுதாக மறைந்திருக்கும் நேரம் ஒரு மணிக்கு மேல். அன்று முகில் விலகினால் கேகாலைத் தோட்டக் கோயில்களின் இளைஞர் மன்றங்கள் இரண்டு பஞ்சாங்கங்களையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வரட்டும். நிழல் தொட்ட நேரம், முழுதாக மூடிய நேரம், மூடல் விலகத் தொடங்கிய நேரம், நிழல் விட்ட நேரம் நான்கையும் குறித்து, இரண்டு புத்தகங்களும் சொன்ன நேரங்களை அவற்றுக்குப் பக்கத்தில் எழுதி, மறுநாள் காலை கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும்.